ரத்தத்தில் ஓர் அரிவாள்!

நீலகிரி மலையில் தெரிய வந்த விந்தை நோய்
ஒவ்வொரு குடும்பமும் அறிய வேண்டிய செய்தி

நீலகிரி மாவட்டத்தில், ஊட்டியை அடுத்து, இத்தலார் என்ற ஊர் இருக்கிறது.

பார்க்கும் இடம் எல்லாம் தேயிலை. இடையிடையே காரட்டும் உருளைக்கிழங்கும் விளையும் நிலங்கள். படகர் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்து வரும் ஊர். தை மாதத்து விடியற்காலையில் அந்தப் பக்கம் போனால், புல்லின் மேல் உப்பைத் தூவியதுபோல உறைபனி படிந்திருக்கும்.

ஊட்டி, கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 7,350 அடி உயரத்தில் இருக்கிறது. இத்தலாரும் அந்த மேட்டு நிலத்தைச் சேர்ந்ததுதான்.

இந்த உயரத்தில் காற்று லேசாக இருக்கும். சென்னைக் கடற்கரையில் ஒரு மூச்சில் எவ்வளவு பிராண வாயு கிடைக்கிறதோ, அதில் முக்கால் பங்குக்குச் சற்றுக் கூடுதலாகத்தான் ஊட்டியில் ஒரு மூச்சில் கிடைக்கும்.

அப்படியானால் மலையில் வாழ்கிறவர்கள் மூச்சுத் திணறித் தவிக்க வேண்டுமே? தவிக்கவில்லையே! முதுகில் கூடையோடு மேடும் பள்ளமும் ஏறி இறங்குகிறார்களே! அது எப்படி?

அதற்குக் காரணம், நம் உடம்பில் இரவு பகலாக உழைக்கும் மூன்று வேலைக்காரர்கள்.

மூன்று வேலைக்காரர்கள்

முதல் வேலைக்காரன் நுரையீரல். வெளியே இருக்கும் காற்றை இழுத்து, அதில் உள்ள பிராண வாயுவைப் பிரித்துக் கொடுப்பது அதன் வேலை.

இரண்டாவது வேலைக்காரன் ரத்தம். வளர்ந்த ஒருவர் உடம்பில் சுமார் 5 லிட்டர் ரத்தம் இருக்கிறது. நுரையீரல் கொடுக்கும் பிராண வாயுவைச் சுமந்துகொண்டு, உச்சந்தலை முதல் உள்ளங்கால் வரை அது போய்ச் சேர்க்கிறது.

மூன்றாவது வேலைக்காரன் இருதயம். நம் கையை மூடினால் எவ்வளவு இருக்குமோ, ஏறக்குறைய அவ்வளவுதான் அதன் அளவு. ஆனால் ஒரு நாளில் அது சுமார் 1 லட்சம் தடவை துடிக்கிறது. ரத்தத்தைத் தள்ளுகிற பம்பு அதுதான்.

இந்த மூவரும் ஒரே வீட்டில் கூட்டுக் குடித்தனம் நடத்துகிறவர்கள். ஒருவன் படுத்துவிட்டால் அவன் வேலையும் மற்ற இருவர் தலையில் விழும்.

மலையில் காற்று குறைவு என்று தெரிந்ததும் உடம்பு என்ன செய்கிறது தெரியுமா? ரத்தத்தில் உள்ள சிவப்பு அணுக்களைக் கூடுதலாக உண்டாக்கிக்கொள்கிறது. வண்டி ஒன்றில் ஏற்றும் சரக்கு குறைந்தால், வண்டிகளின் எண்ணிக்கையைக் கூட்டுவதுபோல!

ஆனால் அந்த வண்டியே கோணலாகப் போய்விட்டால்?

அந்தக் கதையைத்தான் இனிப் பார்க்கப் போகிறோம். இந்தியாவில் அந்தக் கதை தொடங்கியது, இதே நீலகிரி மலையில்தான்!

வட்ட அணு, வளைந்த அணு

ஒரு சொட்டு ரத்தத்தை எடுத்து, பூதக்கண்ணாடியைவிடப் பல மடங்கு பெரிதாக்கிக் காட்டும் மைக்ராஸ்கோப் கருவியில் வைத்துப் பார்த்தால், சிவப்பு அணுக்கள் தெரியும். வட்டமாக, நடுவில் சற்றுக் குழிந்து, பார்ப்பதற்கு அழகாக இருக்கும். ஒரு குண்டூசித் தலை அளவு ரத்தத்தில் அவை லட்சக்கணக்கில் இருக்கின்றன.

இந்த அணுக்கள் மிருதுவானவை. மிக மெல்லிய ரத்தக் குழாய் வந்தால், உடலை ஒடுக்கிக்கொண்டு உள்ளே புகுந்துவிடும். ஒவ்வோர் அணுவும் சுமார் 120 நாள் உயிரோடு இருந்து உழைக்கும்.

அணுவுக்குச் சிவப்பு நிறத்தைக் கொடுப்பது ஹீமோகுளோபின் என்ற பொருள். பிராண வாயுவைப் பிடித்து வைத்துக்கொள்வது அதுதான்.

சிலருக்கு, பிறக்கும்போதே இந்த ஹீமோகுளோபினில் ஒரு சிறு பிழை இருக்கிறது. பிராண வாயுவை இறக்கி வைத்ததும், அவர்களுடைய ஹீமோகுளோபின் ஒன்றோடு ஒன்று ஒட்டி விறைத்துப் போகிறது. வட்டமாக இருந்த அணு வளைந்து, இரு முனையும் கூராகி, கதிர் அறுக்கும் அரிவாள்போல ஆகிவிடுகிறது!

அதனால்தான் இதற்கு 'அரிவாள் அணுச் சோகை' என்று பெயர். டாக்டர்கள் 'சிக்கிள் செல் அனீமியா' என்பார்கள்.

அரிவாள்போல் வளைந்த அணு, மெல்லிய குழாய்க்குள் புக முடியாமல் சிக்கிக்கொள்கிறது. பின்னால் வரும் அணுக்களும் தேங்குகின்றன. குறுகிய மலைப்பாதையில் ஒரு லாரி குறுக்கே நின்றுவிட்டால் என்ன ஆகும்? அதேதான்!

எந்த இடத்தில் அடைக்கிறதோ, அங்கே ரத்தம் போகாது. கையிலும் காலிலும் முதுகிலும் வலி பிடுங்கி எடுக்கும்.

இன்னொரு கெடுதலும் உண்டு. இந்த அணுக்கள் 120 நாள் வாழ்வதில்லை. 10 அல்லது 20 நாளில் உடைந்துவிடுகின்றன. அழிகிற வேகத்துக்கு உடம்பால் புதிய அணுக்களை உண்டாக்க முடிவதில்லை. ஆகவே ரத்தம் குறைந்து, சோகை பிடிக்கிறது. கண் மஞ்சளாகிறது. குறைந்த ரத்தத்தைக் கொண்டு நிறைந்த வேலை செய்ய வேண்டியிருப்பதால், இருதயம் படபடவென்று அடித்துக் களைக்கிறது.

சிக்காகோவில் ஒரு மாணவர்

இந்த நோயை மருத்துவ உலகம் தெரிந்துகொண்டது எப்படி?

1904-ம் ஆண்டு. அமெரிக்காவில் சிக்காகோ நகரம். மேற்கிந்தியத் தீவுகளில் ஒன்றான கிரெனடாவிலிருந்து பல் வைத்தியம் படிக்க வந்திருந்தார் வால்ட்டர் கிளெமென்ட் நோயெல் என்ற வாலிபர். இருமல், காய்ச்சலோடு அவர் ஆஸ்பத்திரிக்கு வந்தார்.

எர்னஸ்ட் அயன்ஸ் என்ற இளம் டாக்டர் அவருடைய ரத்தத்தைச் சோதித்தார். விசித்திரமாக வளைந்த அணுக்களைக் கண்டு திகைத்தார். தம் மேலதிகாரி ஜேம்ஸ் ஹெரிக்கிடம் காட்டினார்.

ஹெரிக் அவசரப்படவில்லை. அந்த மாணவரின் உடல் நிலையைத் தொடர்ந்து கவனித்து, 1910-ல்தான் செய்தியை வெளியிட்டார்.

நோயெல் படிப்பை முடித்து, ஊர் திரும்பி, பல் டாக்டராகத் தொழில் செய்தார். 1916-ல், 32-வது வயதில் மாண்டு போனார். அவரைக் கொண்டு போனது நுரையீரல் நோய்!

ரத்தத்தில் இருந்த கோளாறு, நுரையீரலில் வந்து உயிரை வாங்கியது. இது இந்த நோயின் குணம். இன்றும் டாக்டர்கள் மிகவும் அஞ்சுவது, இந்த நோயாளிக்கு நெஞ்சு வலி, காய்ச்சல், மூச்சுத் திணறல் மூன்றும் சேர்ந்து வருவதைத்தான்.

நீலகிரியில் கண்ட அதிசயம்

இது ஆப்பிரிக்க மக்களுக்கும், அவர்கள் வழி வந்தவர்களுக்கும் மட்டுமே வருகிற நோய் என்று நெடுங்காலம் பலர் எண்ணியிருந்தார்கள்.

அந்த எண்ணம் இந்தியாவில் 1952-ல் உடைந்தது!

ஹெர்மன் லேமன், மேரி கட்புஷ் என்ற இரு விஞ்ஞானிகள், நீலகிரிப் பழங்குடி மக்களின் ரத்தத்தைச் சோதித்த முடிவை அந்த ஆண்டு வெளியிட்டார்கள். ஆப்பிரிக்காவில் கண்ட அதே அரிவாள் அணு, நீலகிரியிலும் இருந்தது!

அதே 1952-ல், அஸ்ஸாம் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களிடமும் இந்த நோய் இருப்பதை வேறு டாக்டர்கள் கண்டு தெரிவித்தார்கள்.

நீலகிரிச் சோதனையில் இன்னொரு விஷயமும் வெளியாயிற்று. இருளர், குறும்பர் முதலிய, மலைச் சரிவுகளில் வாழ்ந்த மக்களிடம் இந்தக் குணம் அதிகம். மேட்டு நிலத்தில் வாழ்ந்த மக்களிடம் அவ்வளவு இல்லை.

ஒரே மாவட்டம். ஒரே மலை. ஏன் இந்த வித்தியாசம்?

கொசு சொன்ன பதில்

விடையைச் சொன்னது கொசு!

மலேரியாக் காய்ச்சல் எப்படிப் பரவுகிறது என்று தேடிக்கொண்டிருந்த ரொனால்டு ராஸ், 1897-ம் ஆண்டு ஊட்டிக்கு வந்தார். மேட்டு நிலத்துக் குளிரில் அவருக்கு வேண்டிய மலேரியா இல்லை. சீகூர் கணவாய்ப் பக்கம் சென்று தேடினார். தேடப் போனவரையே மலேரியா பிடித்துக்கொண்டது!

பிறகு அதே ஆண்டு ஆகஸ்டு மாதத்தில், செகந்திராபாத்தில் கொசுவின் வயிற்றுக்குள் மலேரியாக் கிருமியைக் கண்டுபிடித்தார். 1902-ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

மலை உச்சியில் மலேரியா இல்லை. சரிவிலும் அடிவாரத்துக் காட்டிலும் மலேரியா கொள்ளை கொண்டு போயிற்று. வயநாடு, கூடலூர்ப் பக்கம் போவதென்றாலே அந்தக் காலத்தில் ஜனங்கள் நடுங்குவார்கள்.

1954-ல் ஆன்டனி அலிசன் என்ற டாக்டர், ஆப்பிரிக்காவில் ஆராய்ச்சி செய்து ஓர் உண்மையை அறிவித்தார். அரிவாள் குணத்தைப் பாதி அளவு பெற்றவர்களை மலேரியா கொடுமையாகத் தாக்குவதில்லை! மற்றக் குழந்தைகள் மலேரியாவில் மடிந்தபோது, இந்தக் குழந்தைகள் பிழைத்தார்கள்.

ஆகவே மலேரியாக் காட்டில் வாழ்ந்த மக்களிடம் இந்தக் குணம் தலைமுறை தலைமுறையாக நிலைத்துவிட்டது. காட்டிலே அவர்களைக் காத்த கேடயம் இது. பாதி இருந்தால் கேடயம். முழுதும் வந்துவிட்டால் அரிவாள்!

இதைக் குறை என்று யாரும் யாரையும் பழிக்கக் கூடாது என்பதற்கு இந்த ஒரு காரணமே போதும்.

'அப்படியானால் மேட்டு நிலத்து இத்தலாருக்கு இதில் என்ன கவலை?' என்று கேட்கலாம். மேட்டு நிலத்து மக்களிடம் குறைவு என்றுதான் சொன்னோமே தவிர, அறவே இல்லை என்று சொல்லவில்லை. மேலும், தோட்ட வேலைக்காகக் கீழிருந்து மேலே வருகிறவர்கள் உண்டு. இந்த நோய் உள்ளவருக்குக் குளிரும் லேசான காற்றும் ஆகாதவை. தோட்டத்திலே பக்கத்தில் நின்று இலை பறிக்கும் பெண் அடிக்கடி மூட்டு வலி என்று உட்கார்ந்தால், 'சோம்பேறி' என்று ஏசுவதற்கு முன்பு இதை நினைத்துப் பாருங்கள்.

பிள்ளைக்கு வருவது எப்படி?

இது தொற்று நோய் அல்ல. ஒரே தட்டில் சாப்பிட்டாலும், ஒரே பாயில் படுத்தாலும் ஒட்டாது. சாபமும் அல்ல, செய்வினையும் அல்ல. தாய் தந்தையிடமிருந்து பிள்ளைக்கு வருவது.

உடம்பின் ஒவ்வொரு குணத்துக்கும் நாம் இரண்டு சீட்டு வைத்திருக்கிறோம். ஒன்று அம்மா கொடுத்தது. ஒன்று அப்பா கொடுத்தது.

இரண்டு சீட்டும் நல்ல சீட்டானால் தொல்லை இல்லை.

ஒன்று நல்ல சீட்டு, ஒன்று அரிவாள் சீட்டு என்றால், அவர் அந்தக் குணத்தைச் சுமப்பவர். அவர் நோயாளி அல்ல. உழைக்கலாம், படிக்கலாம், எல்லோரையும்போல நீண்ட நாள் வாழலாம். சோதித்தால் ஒழிய அவருக்கே தெரியாது.

இரண்டு சீட்டும் அரிவாள் சீட்டானால்தான் நோய்.

இப்போது கணக்கைப் பாருங்கள்.

கணவன் மனைவி இருவரும் சுமப்பவர்களாக இருந்தால், ஒவ்வொரு பிள்ளைக்கும் நோய் வருவதற்கு 4-ல் 1 பங்கு வாய்ப்பு. பிள்ளையும் சுமப்பதற்கு 4-ல் 2 பங்கு. ஒன்றும் இல்லாமல் பிறப்பதற்கு 4-ல் 1 பங்கு.

'முதல் பிள்ளைக்கு வந்துவிட்டது. இனி மூன்று பிள்ளைக்கு வராது' என்று சிலர் எண்ணுகிறார்கள். அது தப்பு! ஒவ்வொரு பிள்ளைக்கும் புதிதாகச் சீட்டுக் குலுக்கப்படுகிறது.

ஒருவர் மட்டும் சுமப்பவராக, மற்றவர் இரண்டு நல்ல சீட்டு வைத்திருப்பவராக இருந்தால், பிள்ளைக்கு இந்த நோய் வராது.

இதில் இருந்து ஒரு நியாயம் விளங்குகிறது. நோயோடு பிள்ளை பிறந்தால், 'இவள் வயிற்றில் பிறந்ததால் வந்தது' என்று மருமகளைத் திட்டுகிற மாமியார் உண்டு. தாயிடமிருந்து ஒரு சீட்டு வந்தது உண்மை. மற்றொரு சீட்டு, அந்த மாமியாரின் மகன் கொடுத்தது! இருவரும் கொடுக்காமல் நோய் வராது. ஒருத்தியை மட்டும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது அநியாயம்.

ஜாதகத்தோடு இதையும் பாருங்கள்

பெண் பார்க்கும்போது பத்துப் பொருத்தம் பார்க்கிறார்கள். பதினோராவது பொருத்தமாக இதையும் பார்த்தால் என்ன?

விரல் நுனியில் ஒரு சொட்டு ரத்தம் போதும். ஒரு மருந்து நீரில் அதை விடுகிறார்கள். தெளிவாக இருந்தால் அரிவாள் குணம் இல்லை. கலங்கினால், மேலும் ஒரு சோதனை செய்து, சுமப்பவரா நோயாளியா என்று சொல்லிவிடுகிறார்கள்.

பழங்குடி மக்களில் பெரும்பாலோர் தங்கள் கூட்டத்துக்குள்ளேயே மணம் செய்துகொள்கிறார்கள். அத்தை மகள், மாமன் மகன் என்று உறவில் கட்டுவது தமிழ்நாடு முழுவதும் உள்ள வழக்கம். உறவுக்குள் மணந்தால், இருவரிடமும் ஒரே சீட்டு இருக்க வாய்ப்பு அதிகம். ஆகவே சோதனை மிகவும் அவசியம்.

'சோதித்தால் ஊருக்குத் தெரிந்துவிடும். என் பெண்ணை யாரும் கட்ட மாட்டார்கள்' என்று தாய்மார்கள் பயப்படுகிறார்கள். அந்தப் பயம் வீண் பயம் அல்ல. ஊர் வாய் பொல்லாதது. ஆனால் விஷயத்தைச் சரியாகத் தெரிந்துகொண்டால் பயம் போய்விடும். சுமக்கும் பெண், சுமக்காத ஆணைத் தாராளமாக மணக்கலாம். சுமக்கும் ஆணும் அப்படியே. இருவரும் சுமந்தால்தான் யோசனை வேண்டும். அப்போதும் டாக்டரைக் கலந்து, கருவுற்ற தொடக்கத்திலேயே சோதித்துப் பார்க்க வழி உண்டு.

மறைத்து முடித்த கல்யாணத்தில், பிறந்த குழந்தை வலியால் துடிக்கும்போது யார் என்ன சமாதானம் சொல்ல முடியும்?

மலையில் நடக்கும் தொண்டு

நீலகிரியில் இந்த மக்களுக்காகப் பாடுபட்டவர்களைக் குறிப்பிடாமல் இருக்க முடியாது.

1958-ல் டாக்டர் எஸ். நரசிம்மன், நீலகிரி ஆதிவாசிகள் நலச் சங்கத்தைத் தொடங்கினார். கோத்தகிரியில் அதன் தலைமையிடம் இருக்கிறது. பழங்குடி மக்களின் வைத்தியம், படிப்பு இரண்டையும் அது கவனித்து வருகிறது.

கூடலூரில், 1990-ல் ஆதிவாசி ஆஸ்பத்திரி தொடங்கியது. 'அஸ்வினி' என்ற அமைப்பு அதை நடத்துகிறது. ஆதிவாசிப் பெண்களையே நர்சுகளாகவும், ஊர் ஊராகச் செல்லும் சுகாதார ஊழியர்களாகவும் பழக்கியது அந்த ஆஸ்பத்திரியின் சிறப்பு. தன் பாஷையில் பேசும் பெண் வந்து விசாரித்தால், காட்டுக்குள் இருக்கும் தாயும் மனம் விட்டுப் பேசுவாள் அல்லவா?

2023-ம் ஆண்டு ஜூலை 1-ந் தேதி, இந்த நோயை ஒழிக்கும் தேசியத் திட்டத்தை மத்தியப் பிரதேசத்தில் உள்ள ஷாடோலில் பிரதமர் நரேந்திர மோடி தொடங்கி வைத்தார். பழங்குடிப் பகுதிகளில் 40 வயது வரை உள்ள 7 கோடிப் பேரைச் சோதிப்பது, 2047-க்குள் இந்த நோய்க்கு முடிவு கட்டுவது என்பது திட்டம். தமிழ்நாடும் அதில் சேர்ந்திருக்கிறது.

மருந்து உண்டா?

உண்டு. முன்பு இந்தக் குழந்தைகளில் பலர் சிறு வயதிலேயே மாண்டார்கள். இன்று அப்படி ஆக வேண்டியதில்லை.

குழந்தை பிறந்து ஆறு மாதம் வரை நோய் தெரியாது. கருவில் இருந்தபோது உண்டான வேறு வகை ஹீமோகுளோபின் அதுவரை காப்பாற்றுகிறது. பிறகு கையும் காலும் வீங்கிக் குழந்தை வீறிட்டு அழும். இது முதல் அறிகுறி.

இந்தியப் பழங்குடி மக்களில் பலரிடம், அந்தக் கரு ஹீமோகுளோபின் வளர்ந்த பிறகும் ஓரளவு மிஞ்சி இருக்கிறது. அதனால் அவர்களில் சிலருக்கு நோயின் கொடுமை குறைவு. இயற்கையின் கருணையை என்னென்பது!

'ஹைட்ராக்சியூரியா' என்ற மாத்திரை, இந்தக் கரு ஹீமோகுளோபினைக் கூட்டுகிறது. வலி வருவதைக் குறைக்கிறது. டாக்டர் சொன்ன அளவில், சொன்னபடி ரத்தச் சோதனை செய்துகொண்டு, விடாமல் சாப்பிட வேண்டும். பிள்ளை பெற விரும்புகிறவர்கள் அதை முன்கூட்டியே டாக்டரிடம் சொல்ல வேண்டும்.

போலிக் அமில மாத்திரை புதிய ரத்த அணு உண்டாக உதவுகிறது. சிறு குழந்தைகளுக்குப் பென்சிலினும் தடுப்பூசிகளும் கொடுத்தால், நிமோனியா போன்ற நோய்களில் இருந்து தப்பலாம். எலும்பு மஜ்ஜையை மாற்றிக் குணப்படுத்துவதும் உண்டு.

2023-ம் ஆண்டு இறுதியில், பிரிட்டனும் அமெரிக்காவும் ஒரு புதிய சிகிச்சைக்கு அனுமதி கொடுத்தன. நோயாளியின் உடம்பில் இருந்து அணுக்களை எடுத்து, பரம்பரைச் சீட்டிலேயே திருத்தம் செய்து, திரும்பச் செலுத்துகிறார்கள்! அமெரிக்காவில் அதன் விலை 22 லட்சம் டாலர். ஏழைக்கு எட்டாத கனி. ஆனால் தண்ணீரும் கம்பளியும் ஏழைக்கும் எட்டும். அவையும் இந்த நோய்க்கு மருந்துதான்!

நோய் உள்ளவர் நாள் முழுவதும் நிறையத் தண்ணீர் குடிக்க வேண்டும். குளிரில் உடம்பை மூடிக்கொள்ள வேண்டும். பச்சைத் தண்ணீரில் நீண்ட நேரம் நிற்கக் கூடாது. மிதமிஞ்சி ஓடியாடிக் களைக்கக் கூடாது. தாழ்ந்த ஊரில் இருந்து மேட்டு நிலத்துக்கு வேலைக்குப் போகும் முன்பு டாக்டரிடம் கேட்க வேண்டும்.

காய்ச்சல், நெஞ்சு வலி, மூச்சுத் திணறல், குழந்தை திடீரென்று வெளுத்து வயிறு வீங்குதல், கை கால் விழுதல் — இவற்றில் எது வந்தாலும் ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்கக் கூடாது. ஆஸ்பத்திரிக்குப் போய்விட வேண்டும்.

எல்லாச் சோகையும் ஒன்று அல்ல

சோகை என்றாலே அரிவாள் அணு என்று நினைத்துவிடாதீர்கள். நம் நாட்டுப் பெண்களிடமும் குழந்தைகளிடமும் மிகுதியாக இருப்பது, இரும்புச் சத்துக் குறைவால் வரும் சோகை. இதற்கு மலையும் சமவெளியும் ஒன்றுதான்.

முகம் வெளுத்திருக்கும். நான்கு படி ஏறினால் மூச்சு வாங்கும். கர்ப்பிணிக்கு இது வந்தால் தாய்க்கும் ஆபத்து, சேய்க்கும் ஆபத்து.

கீரை, கேழ்வரகு, பயறு, முட்டை, இறைச்சி இவற்றில் இரும்புச் சத்து இருக்கிறது. நெல்லிக்காயோ எலுமிச்சையோ சேர்த்துக்கொண்டால், உண்ட இரும்பு நன்றாக உடம்பில் சேரும்.

இங்கே தேயிலை நாட்டாருக்கு ஒரு வார்த்தை. சாப்பாட்டோடு டீ குடித்தால், டீயில் உள்ள துவர்ப்புப் பொருள், உணவில் உள்ள இரும்பைப் பிடித்து வைத்துக்கொண்டு உடம்பில் சேரவிடாமல் தடுக்கிறது. டீயை விட வேண்டாம். சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்துக் குடியுங்கள். அவ்வளவுதான்!

இரும்பு மாத்திரையை நீங்களே கடையில் வாங்கி விழுங்க வேண்டாம். அரிவாள் அணுச் சோகை உள்ளவருக்கு, பெரும்பாலும் இரும்பு குறைவதில்லை. அடிக்கடி ரத்தம் ஏற்றிக்கொண்டவருக்கு அது அளவுக்கு மீறியும் இருக்கலாம். எந்தச் சோகை என்று சோதித்து அறிந்த பிறகே மருந்து.

குன்னூரில் ஓர் அறை

உணவால் இருதயம் கெடுவதைக் கண்டறிந்த வரலாற்றிலும் நீலகிரிக்கு இடம் உண்டு.

குன்னூரில் 1907-ல் பாஸ்டர் ஆராய்ச்சி நிலையம் அமைந்தது. அங்கே 1918-ல், ஒரே ஓர் அறையில், ராபர்ட் மெக்காரிசன் என்ற டாக்டர் 'பெரிபெரி' என்ற நோயை ஆராயத் தொடங்கினார். பெரிபெரி வந்தால் கால் வீங்கும். இருதயம் பெருத்து, ஓய்ந்து போகும்.

அரிசியைத் தவிடு போகத் தீட்டி, வெள்ளை வெளேரென்று ஆக்கி, அதையே முக்கிய உணவாக உண்டதால் வந்த நோய் அது. தவிட்டில் இருந்த பி-1 வைட்டமின் தவிட்டோடு போய்விட்டது!

அந்த ஓர் அறை வளர்ந்து பெரிய ஆராய்ச்சிச் சாலை ஆயிற்று. 1958-ல் ஐதராபாத்துக்குப் போயிற்று. இன்று தேசிய உணவுச் சத்து நிலையம் என்று புகழ் பெற்று விளங்குவது அதுதான்.

இன்று பெரிபெரி அரிது. ஆனால் இருதயத்துக்கு வேறு எதிரிகள் வந்துவிட்டார்கள். ரத்தக் கொதிப்பு, சர்க்கரை, புகையிலை, மட்டுமீறிய உப்பு. ஒருவருக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் குறைவான உப்பு போதும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. அது ஒரு டீக்கரண்டி அளவு. ஊறுகாய், கருவாடு, மிக்சர் எல்லாம் இந்தக் கணக்கில் சேரும்.

ரத்தக் கொதிப்பு சத்தம் போடாமல் வரும் திருடன். சோதித்தால்தான் தெரியும். 2021 ஆகஸ்டு 5-ந் தேதி தமிழ்நாடு அரசு தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில், வீட்டுக்கே வந்து சோதித்து மாத்திரை தருகிறார்கள். 'நன்றாகத்தானே இருக்கிறேன்' என்று மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். நன்றாக இருப்பதே அந்த மாத்திரையால்தான்!

நடு நெஞ்சில் பாரம், இடது கைக்கோ தாடைக்கோ பரவும் வலி, வியர்வை — இவை வந்தால் 'வாயு' என்று சுக்குக் கஷாயம் வைத்துக்கொண்டு உட்காரக் கூடாது. மலைப் பாதையில் ஆஸ்பத்திரி போய்ச் சேர நேரம் ஆகும். அந்த நேரத்தையும் கணக்கில் வைத்து, உடனே 108-க்குப் போன் செய்யுங்கள்.

அடுப்புப் புகை

நுரையீரலுக்கு மலைவாசிகள் செய்கிற கெடுதல் ஒன்று உண்டு. குளிருக்காகக் கதவு, ஜன்னல் எல்லாவற்றையும் அடைத்துவிட்டு, உள்ளே விறகு அடுப்போ கரி அடுப்போ மூட்டுவது!

அந்தப் புகையில் வருஷக்கணக்காகச் சமைக்கும் பெண்ணுக்கு, பீடி குடிக்காமலே பீடி குடித்தவர் நோய் வருகிறது. தீராத இருமல், சளி, இளைப்பு.

அதைவிடக் கொடியது, கரி அடுப்பை மூடிய அறைக்குள் வைத்துக்கொண்டு தூங்குவது. நிறமும் மணமும் இல்லாத ஒரு விஷ வாயு அதிலிருந்து கிளம்புகிறது. அது ரத்தத்தில் உள்ள ஹீமோகுளோபினைப் பிடித்துக்கொண்டு, பிராண வாயுவுக்கு இடம் இல்லாமல் செய்துவிடுகிறது. தூங்கியவர் எழுந்திருப்பதில்லை. புகை போக வழி வைத்துச் சமையுங்கள். தூங்கும் முன் நெருப்பை அணைத்துவிடுங்கள்.

இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் விடவில்லையா? மாலையில் காய்ச்சல் அடிக்கிறதா? உடம்பு இளைக்கிறதா? காச நோயா என்று சளியைச் சோதியுங்கள். அரசு ஆஸ்பத்திரியில் சோதனையும் மருந்தும் இலவசம். மருந்தை முழுக் காலமும் சாப்பிட்டால் காச நோய் குணமாகும்.

நினைவில் வையுங்கள்

அரிவாள் அணு தொற்று நோய் அல்ல, பரம்பரையாக வருவது.

சுமப்பவர் நோயாளி அல்ல.

இருவரும் சுமந்தால் மட்டுமே பிள்ளைக்கு நோய் வரும் ஆபத்து.

கல்யாணத்துக்கு முன்பே சோதனை செய்துகொள்வது நல்லது.

நோய் உள்ளவருக்குத் தண்ணீரும் வெதுவெதுப்பும் அவசியம். காய்ச்சல் வந்தால் ஆஸ்பத்திரி அவசியம்.

எந்தச் சோகை என்று தெரியாமல் மாத்திரை விழுங்கக் கூடாது.

பாட்டன் சொத்தாக நிலம் வரலாம், வீடு வரலாம். ரத்தத்தில் வரும் சொத்தை வேண்டாம் என்று எழுதிக் கொடுக்க யாராலும் முடியாது. ஆனால் அது என்ன என்று தெரிந்துகொண்டு, நம் பிள்ளைகளுக்கு அது வலியாகப் போய்ச் சேராமல் தடுக்க முடியும்.

அதற்கு வேண்டியது விரல் நுனியில் ஒரு சொட்டு ரத்தம். அதைக் கொடுக்கத் தயங்கலாமா?